மஸ்டாங் ஜி.டி.க்கு வெளிச்சந்தை ரிம்: உரசிய 20 அங்குல செட்டிலிருந்து பொருந்திய 19 அங்குல செட் வரை (நிகழ்வு ஆய்வு, புதுச்சேரி)

பின்னணி

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. இந்தியாவில் 2016இல் விற்பனைக்கு வந்த தலைமுறை. 5 லிட்டர் வி8, பின்சக்கர ஓட்டம், புதுச்சேரிப் பதிவு. உரிமையாளர் செகண்ட் ஹேண்டாக வாங்கியவர். ஓட்டம் பெரும்பாலும் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே, எப்போதாவது ஈ.சி.ஆரில் சென்னை வரை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் எண்ணமெல்லாம் இல்லை. கம்பெனி டயர்கள் தேய்ந்து பட்டன் (மேல்பரப்பு வரிகளின் ஆழம்) 2 மி.மீ.க்கு வந்திருந்தது, சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழே ஓட்டக் கூடாது. எப்படியும் டயர் வாங்க வேண்டும், கையோடு ரிம்மையும் பெரிதாக்கிவிடலாம் என்று நினைத்தார்.

இந்த வண்டியின் கம்பெனி அளவுகள் கீழே. 9ஜே×19 என்றால் ரிம் அகலம் 9, விட்டம் 19 அங்குலம். ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பது. 255/40 ஆர்19 என்றால் டயர் அகலம் 255 மி.மீ., சைடுவால் (பக்கச்சுவர்) உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 19 அங்குலம். சுமை எண், டயர் தாங்கும் எடைக்கான குறியீடு:

முன்: 9ஜே×19 ரிம், ஆஃப்செட் 45, டயர் 255/40 ஆர்19, சுமை எண் 96.
பின்: 9.5ஜே×19 ரிம், ஆஃப்செட் 52.5, டயர் 275/40 ஆர்19, சுமை எண் 101.
ஐந்து ஸ்டட், பி.சி.டி. (ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 114.3, ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) விட்டம் 70.5 மி.மீ.; ஸ்டட் எம்14 (14 மி.மீ. தடிமன்), பிட்ச் (மரைகளுக்கிடையே தூரம்) 1.5, கதவுத் தூணில் ஒட்டிய காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. முன்பக்கம் 380 மி.மீ. டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிபர் (டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பாகம்).

முன்னும் பின்னும் டயர் விட்டமே வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். 255/40 ஆர்19இன் உயரம் 686.6 மி.மீ., 275/40 ஆர்19இன் உயரம் 702.6 மி.மீ. இந்த 16 மி.மீ. வித்தியாசத்தை வைத்துத்தான் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் கணக்குப் போடுகின்றன.

முதல் செட்

சென்னையில் ஒரு கடையில் 20 அங்குல செட் கைக்குக் கிடைத்தது. முன் 9ஜே, பின் 10.5ஜே, நான்குக்கும் ஆஃப்செட் 30, பி.சி.டி. 5×114.3, நடுத்துளை 73.1 மி.மீ. கடையில் இருப்பில் இருந்த டயர்கள் முன் 245/35 ஆர்20, பின் 285/30 ஆர்20. முன் ரிம்மின் ஸ்போக் காலிபரில் இடித்தது. “அஞ்சு மில்லி ஸ்பேசர் போட்டா போதும் சார், எல்லா மஸ்டாங்குக்கும் இதுதான்” என்று சொல்லி முன்னால் மட்டும் தட்டை ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்டு அனுப்பினார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.சி.டி. பொருந்தியது, நட்டு ஏறியது, நின்ற இடத்தில் சக்கரம் சுற்றியது. பெரும்பாலான கடைகளில் பொருத்தம் பார்ப்பது இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது.

கவனித்தவை

ஊர் திரும்பும்போதே 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கியது. 110ஐத் தாண்டியதும் குறைந்தது. பின் இருக்கையில் ஆள் ஏறி வேகத்தடையைக் கடந்தால் பின் டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசும் சத்தம். இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் பிளாஸ்டிக் லைனரைத் தேய்த்தது. ஈரச் சாலையில் மெதுவாக வளையும்போதுகூட டிராக்‌ஷன் விளக்கு மினுக்கியது. கடைசியாக, கடலூரைத் தாண்டிச் சாலை விரிவாக்க வேலை நடந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி, முன் இடது ரிம்மின் உள் உதடு மடங்கியது. அதன் பிறகுதான் வண்டி புதுச்சேரியில் ஒரு வீல் அலைன்மென்ட் பணிமனைக்கு வந்தது.

அதிர்வின் காரணம்

மடங்கிய ரிம்மைச் சரிசெய்த பிறகு நான்கு சக்கரத்தையும் பேலன்சிங் மெஷினில் ஏற்றினார்கள். பூஜ்யம் காட்டியது. வண்டியில் மாட்டினால் பழையபடி நடுக்கம். மெஷின் சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு வைத்து மையப்படுத்துகிறது. வண்டியில் அதே நடுத்துளை ஹப்பைத் தொடவே இல்லை. 73.1க்கும் 70.5க்கும் 2.6 மி.மீ. வித்தியாசம், அதாவது சுற்றிலும் 1.3 மி.மீ. இடைவெளி. சக்கரத்தை மையத்தில் பிடித்தவை நட்டுகளின் கூம்பு முகங்கள் மட்டும்தான். ஏர் கன்னால் ஒரு நட்டை முதலில் முழுக்க இறுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும்.

டயல் கேஜ் வைத்து முன் வலது ரிம்மைச் சுற்றியபோது மேல்கீழ் ஆட்டம் 0.9 மி.மீ. நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நட்சத்திர வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியபோது அதுவே 0.4. ரிம் வளைந்திருந்தால் எப்படி மாட்டினாலும் அளவு மாறியிருக்காது. ஆகவே குறை ரிம்மில் இல்லை, அது உட்கார்ந்த விதத்தில் இருக்கிறது என்பது உறுதியானது.

ஸ்பேசர் இன்னொரு சிக்கலைச் செய்திருந்தது. ஸ்டட்டில் நட்டு ஏறும் ஆழம் குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எம்14க்கு 14 மி.மீ., 1.5 பிட்சில் ஒன்பதே கால் சுற்றுக்குச் சற்று மேல். ஸ்பேசரோடு எண்ணினால் எட்டுச் சுற்றில் நட்டு முட்டியது. ஸ்பேசரைக் கழற்றினால் பதினொன்றுக்கு மேல் வந்தது. ஸ்பேசர் போடுகிறவர்கள் சுற்றை எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ண ஒரு நிமிடம்கூட ஆகாது.

முதலில் செலவு குறைந்த வழியைப் பார்த்தார்கள். பின் சக்கரங்களுக்கு 73.1க்கு 70.5 அலுமினிய ஹப் ரிங் (நடுத்துளைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம்). முன்னால் ஸ்பேசரை நீக்கி, ஹப் உதடு உள்ள, நீள ஸ்டட் சேர்ந்த ஸ்பேசர் கிடைக்குமா என்று தேடல். ஹப் ரிங் வந்ததும் பின்பக்கத்திலிருந்து வந்த நடுக்கம் போய்விட்டது. ஆனால் உரசல் அப்படியே இருந்தது. அதற்கு அளவெடுக்காமல் வழியில்லை.

ரிம் எங்கே நிற்கிறது

ஆஃப்செட் எண்ணை மட்டும் வைத்து இரண்டு ரிம்களை ஒப்பிட முடியாது. அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹப் முகத்திலிருந்து ரிம் உள்ளே எவ்வளவு போகிறது என்பதற்கு அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும். வெளியே எவ்வளவு வருகிறது என்பதற்கு அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.

கம்பெனி பின் ரிம் 9.5ஜே: பாதி 120.65. உள்ளே 173.15, வெளியே 68.15.
முதல் செட் பின் ரிம் 10.5ஜே, ஆஃப்செட் 30: பாதி 133.35. உள்ளே 163.35, வெளியே 103.35.

அதாவது பின் ரிம் 35 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்ளே 10 மி.மீ. இடம் சும்மா கிடந்தது. முன்னால் ஆஃப்செட் 15 குறைந்ததோடு ஸ்பேசர் 5 சேர்ந்து மொத்தம் 20 மி.மீ. வெளியே. முன் சக்கரம் இப்படி வெளியே போனால் லைனர் உரசுவது ஒருபுறம். ஸ்டீயரிங் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் மாறுவதால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். உரிமையாளர் இதை வெகுநாள் அலைன்மென்ட் கோளாறு என்றே நினைத்திருந்தார்.

ஃபெண்டரை அளக்கப் பயன்பட்டது கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், டயரின் தோள் நூலுக்கு உள்ளேயா வெளியேயா என்று கண்ணாலேயே தெரியும். கம்பெனி சக்கரத்தில் டயர் நூலுக்கு 20 மி.மீ. உள்ளே, முதல் செட்டில் 18 மி.மீ. வெளியே.

காற்றும் விட்டமும்

245/35 ஆர்20இன் விட்டம் 679.5 மி.மீ., 285/30 ஆர்20இன் விட்டம் 679. கம்பெனி அளவோடு ஒப்பிட்டால் முன்னால் 1 சதவீதம் குறைவு, பின்னால் 3.4 சதவீதம் குறைவு. முன்பின் வித்தியாசமாக இருந்த 16 மி.மீ. காணாமல் போய்விட்டது. பின் சக்கரம் கம்பெனி டயரில் சுற்றியதைவிட வேகமாகச் சுற்றுவதால், வழுக்கலே இல்லாத இடத்தில் வழுக்குகிறது என்று கன்ட்ரோல் யூனிட் நினைத்தது. வண்டியின் பின்பகுதியும் கிட்டத்தட்ட 12 மி.மீ. தரையை நோக்கி இறங்கியிருந்தது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு முன் இது சின்ன விஷயமில்லை.

இதைவிடப் பலருக்குத் தெரியாதது காற்றழுத்தம். கம்பெனி டயர் சாதாரண வகை, புதியவை எக்ஸ்.எல். (கூடுதல் சுமை) வகை. எக்ஸ்.எல். டயரின் சுமை எண் 2.9 பாரில் (சுமார் 42 பி.எஸ்.ஐ.) கணக்கிடப்படுகிறது, சாதாரண டயருக்கு 2.5 பாரில் (சுமார் 36 பி.எஸ்.ஐ.). ஆகவே அதே 32 பி.எஸ்.ஐ.யில் எக்ஸ்.எல். டயர் தன் எண்ணுக்குரிய சுமையில் குறைந்த பங்கையே தாங்கும். முன் டயரின் சுமை எண் 95, அதாவது 690 கிலோ. கம்பெனி டயர் 32இல் தாங்கிய சுமையை இது தாங்க 38 பி.எஸ்.ஐ. வேண்டும், பின்னால் சுமை எண் 99க்கு 40. கடையில் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து 32 அடித்துவிட்டிருந்தார்கள். சைடுவால் முன்னால் 102 மி.மீ.யிலிருந்து 86க்குக் குறைந்திருக்கிறது, காற்றும் போதவில்லை, அதற்கு மேல் பள்ளம். ரிம் மடங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் பேசப்பட்டன.

ஃபெண்டர் விளிம்பை உள்ளே மடித்து முதல் செட்டையே வைத்துக்கொள்வது ஒன்று. மடித்தால் கிடைப்பது சில மி.மீ. மட்டும், இங்கே டயர் 18 மி.மீ. வெளியே நிற்கிறது. மடிக்கிற இடத்தில் பெயின்ட் வெடிக்கும். கடல் காற்று அடிக்கிற ஊரில் முதல் மழைக்காலத்துக்குள் அங்கே துரு ஏறும். பாடியை வெட்டி மடிப்பது வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் விபத்து இழப்பீட்டையும் நோக்கிக் கேள்வி எழுப்பும். ஒதுக்கப்பட்டது.

சரியான ஆஃப்செட்டில் 20 அங்குல ரிம், 255/35 மற்றும் 275/35 டயர் என்பது இரண்டாவது. விட்டக் கணக்கு அழகாக வருகிறது: 686.5, 700.5. ஆனால் சைடுவால் முன்னால் 89 மி.மீ. மட்டும். இதற்கு மேல் டயர் கிடைப்பது பிரச்சினை. 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அரிதான அளவுகள் எப்போதாவது வருகின்றன, வந்தவை கடையில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. முதல் செட்டின் பின் டயர்களில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தபோது இரண்டும் வெவ்வேறு ஆண்டு. நடுவழியில் ஒரு டயர் கிழிந்தால் ஜோடி தேடி அலைய வேண்டிவரும்.

மூன்றாவது, கம்பெனி டயர் அளவையே வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றுவது. உரிமையாளருக்கு உடனே மனம் ஒப்பவில்லை. கேட்டது 20 அங்குலம். ஆனால் கண்ணுக்கு நிறைவாகத் தெரிவது ரிம்மின் விட்டத்தைவிட, சக்கரம் ஃபெண்டரோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதால்தான். தூக்குக்குண்டு காட்டிய அந்த 20 மி.மீ. இடத்தை அகலத்தால் நிரப்பலாம் என்று சொன்னதும் சம்மதித்தார்.

முடிவானது: முன் 9.5ஜே×19, ஆஃப்செட் 40; பின் 10ஜே×19, ஆஃப்செட் 45; நடுத்துளை 70.5. முன்னால் ரிம் உள்ளே 1.35, வெளியே 11.35 மி.மீ. கூடுகிறது. பின்னால் உள்ளே 1.15 குறைந்து, வெளியே 13.85 கூடுகிறது. 255/40 டயரை 8.5 முதல் 10 அங்குல ரிம்மிலும் 275/40 டயரை 9 முதல் 11 அங்குல ரிம்மிலும் ஏற்றலாம் என்பதால் அகலமும் சரி. அரை அங்குலம் அகல ரிம்மில் அதே டயர் சுமார் 5 மி.மீ. விரியும், பக்கத்துக்கு இரண்டரை. இதையும் கூட்டித்தான் இடைவெளி பார்க்க வேண்டும்.

டயர் சுமை எண் முன் 100, பின் 105, இரண்டும் எக்ஸ்.எல். 100 எண்ணுள்ள எக்ஸ்.எல். டயர் 32 பி.எஸ்.ஐ.யில் தாங்குவது, 96 எண்ணுள்ள கம்பெனி டயர் அதே அழுத்தத்தில் தாங்குவதற்குச் சமம். கதவில் ஒட்டிய எண்ணையே பின்பற்றலாம். பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

காலிபருக்குக் களிமண்

காலிபர் பொருத்தத்தை எந்த எண்ணும் சொல்லாது. ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு ரிம்களில் ஒன்றின் ஸ்போக் வெளியே வளைந்து காலிபருக்கு இடம் விடும், இன்னொன்றின் ஸ்போக் நேராக இறங்கி இடிக்கும். ஆகவே டயர் ஏற்றாத வெறும் ரிம் ஒன்றை முதலில் மாட்டிப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் திருப்பித் தருவது என்று விற்பவரிடம் எழுத்தில் பேசிக்கொண்டார்கள். டயர் ஏறிய ரிம்மை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

ஸ்டேஷனரி கடையில் குழந்தைகளுக்கு விற்கும் களிமண்ணை உருட்டிக் காலிபரின் முகத்தில் மூன்று இடத்திலும், மேல் வளைவில் இரண்டு இடத்திலும் ஒட்டினார்கள். ரிம்மை மாட்டி, எல்லா நட்டையும் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கழற்றி, நசுங்கிய களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி அதன் தடிமனை வெர்னியரில் அளந்தார்கள். ஸ்போக்குக்கும் காலிபருக்கும் 5 மி.மீ.; ரிம்மின் உட்சுவருக்கும் காலிபருக்கும் 6. மூன்றுக்குக் கீழே வந்தால் வாங்கக் கூடாது. இங்கே ஒரு சின்னப் பொறி: ஒட்டும் பேலன்சிங் எடையே 4 மி.மீ. வரை தடிமன் உள்ளது. 6இல் 4 போனால் மிச்சம் 2. எனவே காலிபர் வரும் தடத்தைச் சாக்பீஸால் குறித்து, எடைகளை அதற்கு உள்பக்கமாக ஒட்டச் சொன்னார்கள்.

பி.சி.டி.யையும் அளந்து பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு துளைகளின் மையங்களுக்கிடையே 114.3க்கு 67.2 மி.மீ. வர வேண்டும். 112க்கு 65.8, 120க்கு 70.5, தவறு உடனே தெரியும். 115க்கு 67.6 என்பதால் டேப்பை நம்ப முடியாது, ரிம்மின் பின்புறம் பதித்திருப்பதைப் படிக்க வேண்டும். அதே இடத்தில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகளும் 690 கிலோ என்ற சுமை அளவும் வார்ப்பில் இருந்தன.

மாட்டியது

ஹப் முகத்தில் உப்பரித்த வெள்ளைப் பொடியும் துருவும் அப்பியிருந்தன. அலுமினிய ரிம்மும் இரும்பு ஹப்பும் கடலோர ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, ஹப் உதட்டில் மட்டும் ஆன்டி சீஸ் (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மசகு) மெல்லியதாகத் தடவினார்கள். ஸ்டட் மரைகளில் தடவவில்லை. தடவினால் டார்க் ரென்ச் (இறுக்கும் முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானர்) காட்டும் அளவில் இறுக்கம் மிகையாகிவிடும்.

முதல் செட்டோடு வந்த நட்டுகளை ஒதுக்கி, 60 பாகைக் கூம்புள்ள எம்14 நட்டுகளைப் போட்டார்கள். கையால் முட்டும்வரை, பிறகு 100 நியூட்டன் மீட்டர், பிறகு 204. ஒவ்வொன்றும் நட்சத்திர வரிசையில். பழைய சக்கரத்தின் காற்றழுத்த சென்சார்களையே புதிய வால்வு ரப்பரோடு மாற்றினார்கள். இந்த வண்டி 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க மஸ்டாங்குக்கென்று விற்கும் 315 சென்சார் இதோடு பேசாது.

கடைசிச் சோதனை: முன் இடது, பின் வலது சக்கரங்களை மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பிறகு எதிர்மூலைகளை மாற்றி. டயரின் தோளில் பூசிய சாக்பீஸ் எங்கும் அழியவில்லை. முன் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தூண்) டயருக்கும் இடையே 10 மி.மீ., பின்னால் டயர் தூக்குக்குண்டு நூலுக்கு 4 மி.மீ. உள்ளே.

பின்பு

நடுக்கம், உரசல், விளக்கு மினுக்கல் மூன்றும் இல்லை. 100 கிலோமீட்டர் ஓடியபின் டார்க் சரிபார்த்ததில் ஒரு நட்டு மட்டும் சற்று நகர்ந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ரிம் பில்லைக் கொடுத்து, கூடுதல் பிரீமியத்தில் உபரி உறுப்பாகச் சேர்த்தாயிற்று.

எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. முன் பம்பரின் கீழ் உதடு சில வேகத்தடைகளில் இன்னும் தட்டுகிறது. ரிம் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. லாரிகள் ஓடிப் பள்ளமான தடங்களில் ஸ்டீயரிங் கொஞ்சம் தேடுகிறது, முன் ரிம் அகலமானதன் விலை அது. ஐப்பசி மழையில் பின் டயர் வாரியடிக்கும் சேறு முன்னைவிடக் கதவை ஒட்டி மேலே ஏறுகிறது. முதல் செட்டை விற்றதில் பாதிப் பணம்தான் திரும்பியது.

மாற்ற வேண்டியவை

வரிசை தலைகீழாகப் போனதுதான் இந்தச் செலவுக்கு வேர். முதலில் சென்னையிலாவது எளிதில் கிடைக்கிற டயர் அளவு எது, அதன் விட்டமும் சுமை எண்ணும் கம்பெனி டயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அது தெரிந்தபின் ரிம் அகலம், பிறகு தூக்குக்குண்டும் ஸ்ட்ரட் இடைவெளியும் சொல்லும் ஆஃப்செட், அதற்குப் பிறகே டிசைன்.

பணிமனையும் ஒன்றை மாற்றிக்கொண்டது. வெளிச்சந்தை ரிம்மோடு வரும் எந்த வண்டிக்கும் பேலன்சிங் மெஷினில் ஏற்றும் முன் நடுத்துளையை அளந்து சீட்டில் எழுதுகிறார்கள். ஹப் ரிங் போட வேண்டிய வண்டிக்கு பிளாஸ்டிக் ரிங் தருவதில்லை, பிரேக் சூட்டில் இளகிவிடும் என்பதால். அலுமினிய ரிங்குக்கோ இங்குள்ள உப்புக்காற்றில் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு; ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் தேய்த்து மாட்டும்படி அந்தச் சீட்டிலேயே குறித்துக் கொடுக்கிறார்கள்.